பாட்டில் என்ன அணி என்று கண்டுபிடிப்பது எப்படி? உவமை முதல் உள்ளுறை வரை

அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியலில் 35 அணிகள் இருக்கின்றன. அவற்றின் இலக்கணத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்கள்கூட, முன்பின் பார்க்காத ஒரு பாட்டைக் கொடுத்தால் திணறிப்போகிறார்கள். பாட்டைப் படித்த உடனேயே அணிப் பட்டியலில் எந்தப் பெயர் பொருந்தும் என்று தேடத் தொடங்குவதுதான் காரணம். தேட வேண்டியது பாட்டுக்குள். அங்கே எது சொல்லப்பட்டிருக்கிறது, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டால் பெயர் தானாகவே வரும். பத்தாம் வகுப்பு மாணவர், போட்டித் தேர்வு எழுதுபவர், பாட்டை ஆழ்ந்து படிக்க விரும்புபவர் எல்லாருக்கும் வரிசை ஒன்றுதான்.

படி 1: சீரைச் சொல்லாக்குங்கள்

செய்யுள் சீர் பிரித்து அச்சாகியிருக்கும். சீர் முடியும் இடமும் சொல் முடியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாதித் தவறுகள் இங்கேயே தொடங்கிவிடுகின்றன.

*இனிய உளவாக இன்னாத கூறல்*
*கனியிருப்பக் காய்கவர்ந் தற்று* (குறள் 100)

'தற்று' என்று ஒரு சொல் கிடையாது. 'கவர்ந்தற்று' என்று சேர்த்துப் படித்து, 'அற்று' என்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். இங்கே 'அற்று' என்றால் 'அத்தன்மையது', 'அதைப் போன்றது'. 'இல்லாமல் போய்' என்ற இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டால் குறளின் கருத்தும் கெடும், உவம உருபும் கண்ணில் படாமல் போகும். திருக்குறளில் 'அற்று' பல இடங்களில் உருபாக வருகிறது. குறளின் கடைசிச் சீர் 'தற்று' என்று முடிந்தால் உடனே முந்திய சீரோடு சேர்த்துப் பாருங்கள்.

சொல் பிரித்ததும் உரைநடை வரிசையில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "இனிய சொற்கள் இருக்கும்போது கடுஞ்சொல் கூறுவது, கனி இருக்கும்போது காயைப் பறிப்பது போன்றது." மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதாது, தாளில் எழுத வேண்டும். எழுதும்போதுதான் விளங்காத சொல் எது என்பது தெரியும்.

படி 2: நான்கு உறுப்புகளைக் குறியுங்கள்

ஒப்பிட்டுப் பேசும் அணிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை நான்கு உறுப்புகள். புலவர் விளக்க வந்தது பொருள் (உவமேயம்). அதை விளக்கக் கொண்டுவந்தது உவமை (உவமானம்). இரண்டையும் இணைப்பது உவம உருபு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை.

*அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை*
*இகழ்வார்ப் பொறுத்தல் தலை* (குறள் 151)

தன்னைத் தோண்டுபவரைத் தாங்கும் நிலம் உவமை, தம்மை இகழ்பவரைப் பொறுத்தல் பொருள், 'போல' உருபு. தீங்கு செய்பவரையே தாங்கிக்கொள்வது பொதுத்தன்மை. உருபு வெளிப்படையாக இருப்பதால் இது உவமை அணி.

உருபுகளாக நன்னூல் சொல்பவை 12: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. இவற்றோடு 'அற்று', 'அனைய' போன்றவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான பாடல்களைச் சமாளிக்கலாம்.

நான்கில் கடினமானது பொதுத்தன்மைதான். பாட்டு பல நேரம் அதைச் சொல்லாமல் நம்மிடம் விட்டுவிடும். இதற்குத் தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே ஒரு வழி காட்டியிருக்கிறார்: வினை, பயன், மெய், உரு. ஒப்புமை செயலில் இருக்கலாம் (புலி போலப் பாய்ந்தான்), விளையும் நன்மையில் இருக்கலாம் (மழை போன்ற கை), வடிவத்தில் இருக்கலாம் (துடி போன்ற இடை), நிறத்தில் இருக்கலாம் (பவளம் போன்ற வாய்). நான்கையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குறுந்தொகை 40ஆம் பாட்டே சான்று. 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்ற அடிகளில் 'செம்' என்பதைப் பார்த்ததும் நிறம்தான் ஒப்புமை என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. நெஞ்சுக்கு நிறம் ஏது? செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணின் இயல்பை ஏற்றுவிடுகிறது, இனி அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஒப்புமை 'கலந்தன' என்ற வினையில் இருக்கிறது. நிறம் அந்தக் கலப்பைக் கண்ணுக்குக் காட்ட உதவுகிறது, அவ்வளவே. பாட்டின் பயனிலையைப் பிடித்தால் பொதுத்தன்மை பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

படி 3: எந்த உறுப்பு இல்லை என்று பாருங்கள்

உருபு மட்டும் மறைந்திருந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒரு சொல்தொடருக்குள் மறைந்தால் உவமைத்தொகை: மதிமுகம், மலர்விழி. இரண்டு தனி வாக்கியங்களுக்கு நடுவில் மறைந்தால் எடுத்துக்காட்டு உவமை அணி:

*தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்*
*கற்றனைத் தூறும் அறிவு* (குறள் 396)

தோண்டிய அளவுக்கு மணற்கேணியில் நீர் ஊறும். கற்ற அளவுக்கு மனிதருக்கு அறிவு ஊறும். இரண்டு வாக்கியங்களும் முழுமையானவை. நடுவில் 'அதுபோல' என்று செருகிப் பாருங்கள். இயல்பாகப் பொருந்தினால் எடுத்துக்காட்டு உவமைதான்.

உவமையும் பொருளும் வேறுவேறு என்ற எல்லையே அழிந்துவிட்டால் உருவகம். உவமைத்தொகையோடு இது குழம்புவதால் சொல்வரிசையைப் பாருங்கள். உவமை முன்னால் வந்தால் உவமைத்தொகை: மதிமுகம், அதாவது மதி போன்ற முகம். பொருள் முன்னால் வந்தால் உருவகம்: முகமதி, அதாவது முகமாகிய மதி. தேன்தமிழ் உவமைத்தொகை, தமிழ்த்தேன் உருவகம். விரித்துப் பார்க்கும்போது 'போன்ற' வருகிறதா, 'ஆகிய' அல்லது 'என்னும்' வருகிறதா என்பதே உரைகல்.

உருவகத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார், இறைவன் அடிசேரா தார்' (குறள் 10) என்பதில் பிறவி கடலாக்கப்பட்டது. அப்படியானால் இறைவன் அடி தெப்பமாக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது உருவகம் ஆகாமல் அடியாகவே நிற்கிறது. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்து மற்றதை விட்டுவிடுவது ஏகதேச உருவகம். இதற்கு மறுபுறத்தில், முதல் திருவந்தாதியின் தொடக்கத்தில் பொய்கையாழ்வார் வையத்தைத் தகளியாகவும் (அகல்), கடலை நெய்யாகவும், கதிரவனை விளக்காகவும் ஆக்குகிறார். அகல், நெய், விளக்கு மூன்றுக்கும் இணை வந்துவிட்டது. உருவகம் என்று முடிவானதும் "துணை உறுப்புகளுக்கும் இணை சொல்லியிருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் விடையை எழுத வேண்டும்.

பொருளே மறைந்து உவமை மட்டும் நின்றால் பிறிது மொழிதல்:

*பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்*
*சால மிகுத்துப் பெயின்* (குறள் 475)

மயிலிறகு ஏற்றிய வண்டியும், அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். குறளுக்குள் அரசனும் இல்லை, பகைவரும் இல்லை. எளிய பகைவராக இருந்தாலும் பலர் ஒன்று சேர்ந்தால் வலியவனும் கெடுவான் என்ற பொருளை, 'வலியறிதல்' என்ற அதிகாரத் தலைப்பை வைத்து நாம்தான் வருவிக்கிறோம். மணற்கேணிக் குறளில் 'அறிவு' என்று பொருள் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, இங்கே இல்லை. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவதுதான் தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

உவமை உலகத்திலேயே நடக்காத ஒன்றாக இருந்தால் இல்பொருள் உவமை. அன்பில்லாத உயிர்வாழ்க்கைக்கு, பாலைநிலத்தில் பட்டமரம் தளிர்ப்பதைச் சொல்லும் குறள் 78 அதற்குச் சான்று. அங்கேயும் கடைசியில் 'அற்று' இருப்பதைக் கவனியுங்கள்.

படி 4: 'போல' இருந்தாலும் ஒரு கணம் நிறுத்துங்கள்

'போல' வந்ததும் உவமை அணி என்று எழுதிவிடுபவர்களைத் தவறாமல் சிக்கவைப்பது தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடக்கிற ஒரு நிகழ்ச்சியின் மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுவது இது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் அசைகின்றன:

*போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி*
*வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட*

'என்பனபோல்' இருக்கிறது. ஆனால் கொடியை எந்தப் பொருளோடும் இளங்கோவடிகள் ஒப்பிடவில்லை. கொடி அசைவது காற்றால். 'இங்கே வராதே' என்று தடுப்பதற்காக அசைவதாக ஒரு நோக்கத்தை அவர் ஏற்றிவைக்கிறார். அந்த நகருக்குள் கோவலன் கொலைப்படப் போகிறான் என்பது அவருக்குத் தெரியும்.

கம்பராமாயணத்தில் இராமன் மிதிலைக்குள் நுழைகிறான். அங்கேயும் கொடிகள் அசைகின்றன. திருமகள் இங்கே வந்து இருக்கிறாள் என்று, அந்நகரம் 'செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி', 'ஒல்லை வா' என்று அழைப்பது போன்றது என்கிறார் கம்பர். காற்றும் கொடியும் ஒன்றுதான். ஓரிடத்தில் அசைவு 'வராதே' என்கிறது, இன்னோரிடத்தில் 'விரைந்து வா' என்கிறது. ஏற்றப்பட்ட குறிப்பு கொடியிடம் இல்லை, கதையின் போக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கம்பர் பாட்டில் 'கொடிகள் என்னும் கைகள்' என்பது தனியே ஓர் உருவகம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் ஓர் அணிதான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

விடை எழுதும்போது இரண்டையும் எழுத வேண்டும்: இயல்பு நிகழ்ச்சி எது (காற்றில் கொடி அசைதல்), புலவர் ஏற்றிய குறிப்பு எது (வராதே எனத் தடுத்தல்). முதலாவதை விட்டுவிட்டால் விடை பாதிதான்.

இரண்டைச் சமமாக வைத்துவிட்டுப் பிறகு வேறுபடுத்தினால் வேற்றுமை அணி. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு' (குறள் 129). தீயும் சுடுகிறது, நாவும் சுடுகிறது, அதுவரை ஒப்புமை. ஒன்று ஆறும், மற்றது ஆறாது, அது வேற்றுமை. ஒப்புமைப் பகுதியைக் காட்டாமல் வேறுபாட்டை மட்டும் எழுதினால் விளக்கம் முழுமையாகாது.

படி 5: சொல் ஒன்று, கருத்து வேறா?

ஒப்பீடே இல்லையென்றால், சொன்னதும் சொல்ல வந்ததும் ஒன்றுதானா என்று கேளுங்கள். 'தேவர் அனையர் கயவர்' என்று தொடங்கும் குறள் 1073 மேலுக்குப் புகழ்ச்சி. காரணம் அடுத்துதான் வருகிறது: அவர்களும் தாம் விரும்பியதைச் செய்து திரிவார்கள். இது வஞ்சப் புகழ்ச்சி. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது பாடிய புறநானூற்றுப் பாட்டும் (95) இந்த வகைதான். உன் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பளபளக்கும் வேல் போரையே காணாத வேல் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

ஒரே சொற்கூட்டம் இரண்டு பொருள் தந்தால் இரட்டுற மொழிதல். இதைச் சிலேடை என்றும் சொல்வார்கள். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியிருக்கிறார். விளக்கும்போது தாளை இரண்டாக மடித்து இருபுறமும் எழுதுவது நல்ல முறை. 'ஆடிக் குடத்தடையும்': பாம்பு படமெடுத்து ஆடியபின் குடத்துக்குள் அடையும், எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தை அடையும். 'பிண்ணாக்கு': பாம்புக்குப் பிளந்த நாக்கு, எள்ளுக்குப் பிண்ணாக்கு. ஒருபுறம் எழுதி மறுபுறம் காலியாக நின்றால், அந்தச் சொல்லை நீங்கள் இன்னும் சரியாகப் பிரிக்கவில்லை என்று பொருள்.

சொல் அமைப்பில் நிற்கும் அணிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். 'அன்பும் அறனும்... பண்பும் பயனும்' (குறள் 45) என்று முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் முறையே பொருத்தம் இருந்தால் நிரல்நிறை. ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால் சொற்பொருள் பின்வருநிலை (குறள் 411, 'செல்வத்துட் செல்வம்'). ஒரே சொல் வேறுவேறு பொருளில் வந்தால் சொல் பின்வருநிலை (குறள் 12, 'துப்பார்க்குத் துப்பாய'). சொற்கள் வேறாக இருந்து பொருள் ஒன்றானால் பொருள் பின்வருநிலை: அவிழ்ந்தன, அலர்ந்தன, விரிந்தன எல்லாமே பூத்தன என்பதுதான்.

அணியோடு குழம்பும் இரண்டு

ஆகுபெயர் அணி அல்ல, சொல்லிலக்கணம். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகி வருவது. 'வகுப்பறை சிரித்தது' என்றால் சிரித்தவர்கள் மாணவர்கள்: இடவாகுபெயர். 'வள்ளுவரைப் படித்தேன்' என்றால் படித்தது நூலை: கருத்தாவாகுபெயர். 'தலைக்கு ஒரு பழம்' என்றால் ஆளுக்கு ஒன்று: சினையாகுபெயர். பலரைத் தடுமாற வைப்பது 'காளை வந்தான்' போன்ற உவமையாகுபெயர். இதில் பொருளின் பெயர் வரவே இல்லை, உவமையின் பெயரே ஆளைக் குறிக்கிறது. 'வந்தான்' என்ற உயர்திணை வினைமுற்றுதான் துப்பு.

மோனை, எதுகை, இயைபு ஆகியவை தொடை. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இறுதி ஒன்றினால் இயைபு. மோனையில் அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. அ ஆ ஐ ஔ ஓர் இனம், இ ஈ எ ஏ ஓர் இனம், உ ஊ ஒ ஓ ஓர் இனம். ச-த, ஞ-ந, ம-வ ஆகியவையும் இணைகள். எதுகையில் விதி கடுமையானது: இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தாலும் முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும். கட்டு-பட்டு எதுகை. கட்டு-பாட்டு எதுகை ஆகாது, ஒன்று குறில், மற்றது நெடில்.

முழுப் பயிற்சி: குறுந்தொகை 8

*கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்*
*பழன வாளை கதூஉம் ஊரன்*
*எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்*
*கையும் காலும் தூக்கத் தூக்கும்*
*ஆடிப் பாவை போல*
*மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.*

பாடியவர் ஆலங்குடி வங்கனார், திணை மருதம், பேசுபவள் காதற்பரத்தை, அதாவது தலைவன் விரும்பி உறவு கொண்ட பரத்தை. தலைவி தன்னைப் பழித்ததாகக் கேள்விப்பட்டு, தலைவியைச் சேர்ந்தவர்களின் காதில் விழும்படி சொல்கிறாள்.

முதலில் சொல் பிரிப்பு. 'எம்மிற்' என்பது 'எம்மைவிட' அல்ல. எம் + இல், எங்கள் வீட்டில். அப்படியே 'தம்மிற்' என்பது தம் வீட்டில். 'ஆடி' கண்ணாடி. 'கதூஉம்' கவ்வும். உரைநடை: "வயலோர மாமரத்தில் விளைந்து உதிரும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுவான். தன் வீட்டுக்குப் போனதும், எதிரில் நிற்பவர் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, தன் மகனின் தாய்க்கு அவள் விரும்பியதையெல்லாம் செய்வான்."

அடுத்து நான்கு உறுப்புகள். உவமை ஆடிப்பாவை, பொருள் தலைவன், உருபு 'போல'. தனக்கென்று விருப்பமில்லாமல் எதிரில் இருப்பவரின் செயலையே தானும் செய்தல் பொதுத்தன்மை. ஆகவே வினை உவமை.

முதல் இரண்டு அடிகளில் உருபும் இல்லை, பொருளும் இல்லை. ஊர் வருணனை போலத் தெரிகிறது. ஆனால் மா, வாளை, பழனம் எல்லாம் மருதத்தின் கருப்பொருள்கள், அதாவது அந்த நிலத்துக்கு உரியவை. பழத்தைத் தலைவனாகவும் வாளையைப் பரத்தையாகவும் கொண்டு பாருங்கள். மீன் மரத்துக்கு ஏறிப் போகவில்லை. பழம் தானாக விழுந்தது, இருந்த இடத்திலேயே அது கவ்விக்கொண்டது. 'அவனை நான் வலிந்து இழுக்கவில்லை, அவனாகத்தான் வந்தான்' என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள். இது உள்ளுறை உவமம். பிறிது மொழிதலில் உவமை மட்டும் தனியே நிற்கும். உள்ளுறையில் அந்தக் காட்சி தலைவனின் ஊரில் உண்மையாகவே நடப்பதாகப் பாட்டோடு ஒட்டி வரும். தெய்வம் ஒழிந்த பிற கருப்பொருள்களே உள்ளுறைக்கு நிலைக்களம் என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு.

தொடையைப் பாருங்கள். கழனி-பழன அடி எதுகை. எம்மிற்-தம்மிற் மூன்றாம் அடியின் முதற்சீரிலும் நான்காம் சீரிலும் வருவதால் ஒரூஉ எதுகை. அவன் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக நடப்பதை அந்த எதுகையே அடியின் இரு முனைகளிலும் நிறுத்திக் காட்டுகிறது. கையும்-காலும் அடுத்தடுத்த முதல் இரண்டு சீர்களில் வருவதால் இணை மோனை.

விடைத்தாளில் இதை அணி விளக்கம், பாடல் அடி, பொருள், பொருத்தம் என்ற வரிசையில் எழுதுங்கள். பொருத்தம்தான் உயிர்ப்பகுதி, எது எதற்கு இணை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும், 'பொருத்தமாக அமைந்துள்ளது' என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. தலைவியை 'மனைவி' என்று சொல்ல மனமில்லாமல் 'தன் புதல்வன் தாய்' என்கிறாளே, அதற்கு மேலே சொன்ன எந்த அணியின் பெயரும் பொருந்தாது. அதை நயம் எழுதும் பகுதியில், முதல் வரியாக எழுதுங்கள்.